பேருந்தில் ஏறிய சைக்கிள்

நம் ஊர்ப் பேருந்துகளின் கூரைமீது ஒரு காலத்தில் இரும்புக் கேரியர் இருந்தது. பின்புறத்தில் ஏறிப் போக ஓர் ஏணியும் இருந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நெல் மூட்டை, வாழைத்தார், கோழிக் கூடை, சீர்வரிசைக் கட்டில் எல்லாம் அங்கேதான் ஏறும் என்பார்கள். அவற்றோடு எப்போதாவது ஒரு சைக்கிளும் ஏறும். சைக்கிளின் சொந்தக்காரர் கீழிருந்து தூக்கிக் கொடுக்க, கிளீனர் ஏணியில் நின்று வாங்கி, மேலே படுக்க வைத்துக் கயிற்றால் கட்டுவார். அதுவரை பேருந்து நிற்கும். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

சைக்கிளை மேலே ஏற்றுவது அவ்வளவு பெரிய வேலையா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் நாட்டுச் சாதாரண சைக்கிளின் நிறை சுமார் 20 கிலோகிராம். கூரையின் உயரம் சுமார் 3 மீட்டர். செய்ய வேண்டிய வேலை 20 × 9.8 × 3 = 588 ஜூல். 50 கிலோகிராம் நிறையுள்ள மாணவர் ஒருவர் 6 மீட்டர் உயரமுள்ள இரண்டு மாடி ஏறினால் 2,940 ஜூல் வேலை செய்கிறார். அதில் ஐந்தில் ஒரு பங்குதான் இது! ஆகவே இங்கே தடையாக இருப்பது உழைப்பு அன்று. பின் எது?

சைக்கிளை ஏற்றிக் கட்ட 3 நிமிடம் ஆவதாகவும், பேருந்தில் 40 பேர் இருப்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சைக்கிளுக்காக மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து இழக்கும் காலம் 120 நிமிடம், அதாவது 2 மணி நேரம்! இறக்கும்போது இன்னும் கொஞ்சம். முணுமுணுப்புக்குக் காரணம் இதுதான்.

இந்தக் கணக்கைத் தீர்ப்பதற்குப் பொறியாளர்கள் செய்த முயற்சிகள் சுவையான வரலாறு. அந்த வரலாற்றைப் படிக்கும்போது இன்னோர் உண்மையும் புலப்படும். சைக்கிளுக்குப் பேருந்தில் இடம் கேட்ட குரல்கள் பெரும்பாலும் எழுந்தது ஆற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும்தான். ஏன் என்று பார்ப்போம்.

1963: இரண்டு திறப்பு விழாக்கள்

1963ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28ஆம் நாள், அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள சியாட்டில் நகரத்தில் ஒரு பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், இங்கிலாந்தில் லண்டனுக்குக் கிழக்கே, தேம்ஸ் ஆற்றின் அடியில் ஒரு சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. இரண்டுமே தம் காலத்தின் அரிய பொறியியல் சாதனைகள். இரண்டுக்கும் பொதுவான ஒரு குறையும் உண்டு. நடந்து செல்பவருக்கும் சைக்கிளில் செல்பவருக்கும் இரண்டிலுமே பாதை இல்லை.

முதலில் தேம்ஸ் ஆற்றுக்குப் போவோம். தென்கரையில் கெண்ட் மாவட்டத்தின் டார்ட்ஃபோர்டு; வடகரையில் எசெக்ஸ் மாவட்டத்தின் பர்ஃப்ளீட். இரண்டையும் இணைக்கச் சுரங்கம் தோண்டும் முன்னோட்ட வேலை 1930களிலேயே தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் அதை நிறுத்தியது. போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்தே வேலை மீண்டும் தொடங்கி 1963இல் நிறைவடைந்தது.

சுமார் 1,400 மீட்டர் நீளமுள்ள ஒரே குழாய் அது. போவதற்கு ஒரு தடம், வருவதற்கு ஒரு தடம். இதற்குள் ஒரு சைக்கிளை விட்டால் என்ன ஆகும்? மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் மிதிப்பவர் 1,400 மீட்டரைக் கடக்க ஐந்தரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அவரை முந்திச் செல்ல இடமில்லாததால் பின்னால் வரும் லாரிகளும் கார்களும் அவர் வேகத்திலேயே ஊர்ந்து வர வேண்டும். அவை கக்கும் புகையை, மூச்சு வாங்க மிதித்து வரும் அவர் ஆழமாக உள்ளிழுக்க வேண்டும். எனவே சைக்கிளுக்குத் தடை விதித்தார்கள். இதைப் பொருளற்ற தடை என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் அக்கரைக்கு வேலைக்குப் போகும் தொழிலாளி என்ன செய்வார்?

தலைகீழான பேருந்து

இந்தக் கேள்விக்கு விடையாக ஐந்து விந்தையான பேருந்துகள் தயாராயின. ஃபோர்டு நிறுவனத்தின் தேம்ஸ் டிரேடர் என்னும் லாரி அடிச்சட்டத்தின்மீது கட்டப்பட்ட மாடிப் பேருந்துகள் அவை. அவற்றை இயக்கும் பொறுப்பு லண்டன் போக்குவரத்துக் கழகத்திடம் இருந்தது. மேல்தளத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் அமரலாம். கீழ்த்தளத்தில் பயணிகளுக்கு இருக்கை கிடையாது. அங்கே இருபதுக்கும் மேற்பட்ட சைக்கிள்களை வரிசையாக நிறுத்தத் தாங்கிகள் இருந்தன.

நம் ஊரில் மனிதர் கீழே, சைக்கிள் மேலே. டார்ட்ஃபோர்டில் சைக்கிள் கீழே, மனிதர் மேலே! இயற்பியல் நோக்கில் இது அறிவுள்ள ஏற்பாடு. சைக்கிளைத் தூக்க வேண்டியதில்லை. உருட்டி ஏற்றினால் போதும். மாடி ஏறும் வேலையை மனிதரின் கால்கள் பார்த்துக்கொள்ளும். ஏற்றும் நேரமும் யாருக்கும் தொல்லை தராது. ஏனெனில் பேருந்தில் வருபவர் எல்லோருமே சைக்கிள்காரர்கள்.

அப்படியிருந்தும் இந்தச் சேவை இரண்டே ஆண்டுகளில், 1965இல் நின்றுபோனது. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. சைக்கிளுக்கென்றே தனிப் பேருந்து விடுவதில் உள்ள இடர்ப்பாடு இதுதான். நான்கு சைக்கிள் வந்தாலும் இருபது வந்தாலும் அதே ஓட்டுநர், அதே எரிபொருள், அதே தேய்மானம். பெரிய பேருந்துகள் போய்ச் சிறிய வண்டிகள் வந்தன. இன்றும் அந்த இடத்தில் சைக்கிளில் வருபவரை ஒரு வண்டியில் ஏற்றி, கட்டணம் வாங்காமல் மறுகரையில் இறக்கிவிடுகிறார்கள். 1991இல் அங்கே எலிசபெத் அரசியின் பெயரால் பெரிய பாலமும் கட்டப்பட்டது. அதிலும் சைக்கிளுக்கு இடமில்லை.

ஆற்றின் அடியில் பாதை அமைத்தால் சைக்கிளை விலக்கத்தான் வேண்டும் என்று விதி ஏதும் இருக்கிறதா? இல்லை என்பதற்கு ஹாலந்து நாட்டின் ராட்டர்டாம் நகரம் சான்று. 1942 பிப்ரவரியில், போர் நடுவே, அங்கே மாஸ் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. மோட்டார் வண்டிகளுக்கான குழாய்களின் பக்கத்திலேயே சைக்கிளுக்குத் தனிக் குழாய். அதன் கீழே நடப்பவருக்குத் தனிக் குழாய்! சைக்கிளைப் பிடித்தபடி நகரும் படிக்கட்டில் நின்றால் அது உங்களைக் கீழே கொண்டுபோய் விடும். மறுமுனையில் இன்னொரு நகரும் படிக்கட்டு மேலே ஏற்றிவிடும். டார்ட்ஃபோர்டுக்கு இருபத்தோர் ஆண்டு முன்பே இது நடந்தது. முன்கூட்டியே நினைத்துப் பார்த்தவர்களுக்குக் குழாய் கிடைத்தது. நினைக்காமல் விட்டவர்கள் பின்னால் பேருந்தைத் தேடினார்கள்.

மிதக்கும் பாலம்

இனி சியாட்டிலுக்கு வருவோம். நகரத்தின் கிழக்கே வாஷிங்டன் ஏரி, வடக்கு தெற்காக 30 கி.மீ.க்கு மேல் நீண்டு கிடக்கிறது. குறுக்கே கடந்தால் சில கி.மீ.தான், சுற்றிப் போனால் அரைநாள் மிதிக்க வேண்டும். ஏரியின் ஆழம் சில இடங்களில் 60 மீட்டருக்கும் அதிகம். அதற்குக் கீழே உறுதியான பாறை இல்லை, மென்மையான சேறு. அங்கே தூண் நட்டுப் பாலம் கட்டுவது மிகக் கடினம்.

பொறியாளர்கள் ஆர்க்கிமிடீசைத் துணைக்கு அழைத்தார்கள். உள்ளே வெற்றிடம் விட்டுக் கான்கிரீட்டால் 33 பெரும் பெட்டிகள் செய்தார்கள். கான்கிரீட்டின் அடர்த்தி நீரைப்போல் இரண்டரை மடங்கு. எனினும் பெட்டி உள்ளே காலியாக இருப்பதால், அது தன் எடைக்குச் சமமான நீரை இடம்பெயர்த்து மிதக்கும். எஃகால் ஆன கப்பல் மிதக்கும் அதே தத்துவம்தான். இந்தப் பெட்டிகளை வரிசையாகப் பிணைத்து, நங்கூரமிட்டு, அவற்றின்மீது சாலை போட்டார்கள். மிதக்கும் பகுதியின் நீளம் மட்டும் சுமார் 2,300 மீட்டர்!

60 மீட்டர் ஆழத்தை வென்ற அந்தப் பாலத்தில், ஒரு சைக்கிள் போகும் அகலத்துக்குப் பாதை விடப்படவில்லை. 1960களின் அமெரிக்காவில் எல்லோரும் காரில்தான் போவார்கள் என்பது எழுதப்படாத எண்ணம். சைக்கிள் என்றால் சிறுவர்களின் விளையாட்டுப் பொருள்.

அந்த எண்ணத்தை 1973ஆம் ஆண்டு அசைத்தது. அக்டோபரில் மேற்காசியப் போரைத் தொடர்ந்து எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோல் நிலையங்களில் கார்கள் வரிசையில் நின்றன. அதற்குச் சற்று முன்பிருந்தே சைக்கிள் மோகம் அந்நாட்டில் பரவியிருந்தது. 1973இல் மட்டும் அங்கே விற்ற சைக்கிள்கள் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி. வாங்கியவர்களில் பெரியவர்கள் ஏராளம். அவர்கள் வேலைக்கும் சைக்கிளிலேயே கிளம்பினார்கள். பாலத்தின் வாயிலில் தடைப்பலகை அவர்களை நிறுத்தியது.

பின்னால் வைப்பதா, முன்னால் வைப்பதா?

டார்ட்ஃபோர்டின் பாடம் நினைவிருக்கிறதா? தனி வண்டி விட்டால் கட்டுப்படியாகாது. எப்படியும் ஓடும் பேருந்திலேயே சைக்கிளை மாட்டினால்? 1970களில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இந்தச் சோதனை தொடங்கியது. சான் டியேகோ நகரத்தில், 1969இல் திறக்கப்பட்டுச் சைக்கிளுக்கு இடம் தராத கொரொனாடோ பாலத்தைக் கடக்க, பேருந்தின் பின்புறத்தில் தாங்கி பொருத்தினார்கள். சியாட்டிலில் 1970களின் இறுதியில் மிதவைப் பாலத்தைக் கடக்கும் பேருந்துகளில் தாங்கிகள் வந்தன.

பின்புறம் வைப்பதுதான் இயல்பாகத் தோன்றும். ஆனால் அதில் சிக்கல்கள் உண்டு. பின்னால் நின்று சைக்கிளை இறக்குபவரை ஓட்டுநரால் பார்க்க முடியாது. அவர் இறக்கி முடிக்குமுன் வண்டியை எடுத்துவிட்டாலோ, பின்னோக்கி நகர்த்திவிட்டாலோ விபத்துதான். சிக்னலில் நிற்கும்போது யாராவது சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனாலும் தெரியாது. போதாக்குறைக்கு எஞ்சின் புகையும் சக்கரம் கிளப்பும் சேறும் சைக்கிளின்மேல் படியும்.

முன்புறத்தில் வைத்தால் இவை எல்லாம் ஒரே வீச்சில் தீர்ந்தன. சைக்கிளும் சைக்கிள்காரரும் எப்போதும் ஓட்டுநரின் கண்முன் இருப்பார்கள். ஆனால் புதிய கேள்விகள் எழுந்தன. முகப்பு விளக்கை மறைக்கக் கூடாது. வண்டியின் நீளம் அதிகம் கூடக் கூடாது. கூடினால் திருப்பங்களில் முனை இடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்றும் வேலை சில நொடிகளில் முடிய வேண்டும்.

இதற்கு நல்ல விடை 1990களின் தொடக்கத்தில் சியாட்டிலின் அருகிலேயே கிடைத்தது. ஸ்போர்ட்வொர்க்ஸ் என்னும் சிறு நிறுவனம் அந்நகரப் போக்குவரத்துத் துறைக்காக ஒரு தாங்கியைச் செய்தது. வேலையில்லாதபோது அது பேருந்தின் முகத்தோடு ஒட்டி நிமிர்ந்து நிற்கும். கைப்பிடியை இழுத்தால் பலகைபோல் கீழே மடியும். அதில் இரண்டு சைக்கிள்களுக்கான பள்ளங்கள் உண்டு. சைக்கிளைத் தூக்கிச் சக்கரங்களைப் பள்ளத்தில் வைத்து, சுருள்வில் பொருத்திய ஒரு கொக்கியை இழுத்து முன்சக்கரத்தின் மேல் போட வேண்டும். அவ்வளவுதான். கயிறு வேண்டாம், திருகு வேண்டாம், பூட்டு வேண்டாம். சைக்கிளின் சொந்தக்காரரே ஒரு கையால் செய்து முடிக்கலாம். 1990களின் நடுப்பகுதிக்குள் அந்நகரின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேருந்துகளில் இந்தத் தாங்கி ஏறிவிட்டது.

ஒரு கொக்கி போதுமா?

சக்கரத்தின்மேல் ஒரே ஒரு கொக்கி! பேருந்து திடீரென்று பிரேக் போட்டால் சைக்கிள் பறந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். நியூட்டனின் இரண்டாம் விதியைக் கொண்டு விடை காணலாம்.

கடுமையாகப் பிரேக் போடும் பேருந்தின் வேகத் தளர்ச்சி நொடிக்கு நொடி 5 மீட்டர் என்று கொள்வோம். அதாவது 5 மீ/வி². அங்கே ஓடும் சைக்கிளின் நிறை சுமார் 15 கிலோகிராம். அதையும் பேருந்தோடு சேர்த்து நிறுத்தத் தேவையான விசை 15 × 5 = 75 நியூட்டன். ஏழரைக் கிலோ அரிசிப் பையைக் கையில் பிடித்திருக்கும்போது நீங்கள் செலுத்தும் விசை அது. அதில் ஒரு பகுதியைப் பள்ளத்தின் விளிம்பு ஏற்கிறது. சாய்ந்து விழாமல் கொக்கி பிடித்துக்கொள்கிறது. எஃகுக் கொக்கிக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

எடையால் பேருந்துக்குச் சுமையா? தாங்கியும் இரண்டு சைக்கிளும் சேர்ந்து 55 கிலோ என்று வைத்தாலும், 12,000 கிலோ எடையுள்ள பேருந்தில் அது நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை. கூடுதலாக ஒரே ஒரு பயணி ஏறியதுபோலத்தான்.

இப்போது பழைய காலக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். ஏற்ற 20 நொடி என்றால் 40 பயணிகள் இழப்பது மொத்தம் 800 நொடி, அதாவது சுமார் 13 நிமிடம். 120 நிமிடம் 13 நிமிடமாகச் சுருங்கிவிட்டது! சைக்கிளை எவ்வளவு எளிதாகத் தூக்கலாம் என்று யோசித்ததால் கிடைத்த பயன் அன்று இது. மற்றவர்களின் நேரத்தை எவ்வளவு குறைவாக எடுக்கலாம் என்று யோசித்ததால் கிடைத்தது.

1991இல் அமெரிக்க அரசு இயற்றிய போக்குவரத்துச் சட்டம், மத்திய அரசு நிதியைச் சைக்கிள் வசதிகளுக்கும் செலவிடுவதற்குப் பெரிதும் வழி திறந்தது. தாங்கி நாடெங்கும் பரவியது. இன்று அந்நாட்டு நகரப் பேருந்துகளில் பெரும்பாலானவற்றில் அதைக் காணலாம்.

ஒன்பது மடங்கு ஊர்

பாலமே இல்லாத ஊர்களும் ஏன் இதை விரும்பின? விடை, நீங்கள் பள்ளியில் படித்த வட்டத்தின் பரப்பில் இருக்கிறது.

பேருந்து நிறுத்தத்துக்குப் பத்து நிமிடத்தில் வந்து சேரக் கூடியவர்கள் எவ்வளவு தொலைவில் இருக்கலாம்? மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடப்பவர் சுமார் 830 மீட்டர் தொலைவிலிருந்து வரலாம். நிறுத்தத்தை மையமாக வைத்து அந்த ஆரத்தில் வட்டம் வரைந்தால் பரப்பு சுமார் 2.2 சதுர கி.மீ. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் சைக்கிளில் வருபவருக்கு ஆரம் 2.5 கி.மீ.; பரப்பு சுமார் 19.6 சதுர கி.மீ. வேகம் மூன்று மடங்குதான். பரப்போ ஒன்பது மடங்கு! பரப்பு ஆரத்தின் இருமடியைப் பொறுத்தது அன்றோ? அதே நிறுத்தம், அதே பேருந்து; ஆனால் ஒன்பது மடங்கு ஊருக்குப் பயன். இறங்கும் இடத்திலும் சைக்கிள் கூடவே இருப்பதால் அங்கேயும் ஒன்பது மடங்கு.

எல்லையும் உண்டு

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. ஐம்பது பேர் செல்லும் பேருந்தில் இரண்டு அல்லது மூன்று சைக்கிளுக்குத்தான் இடம். மூன்றாவது நிறுத்தத்தில் நிற்பவர், இரண்டு இடமும் நிரம்பி வரும் பேருந்தைக் கண்டு என்ன செய்வார்? அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும்; அதிலும் இடம் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. சிலர் பயன்படுத்தும்வரை அருமையாக வேலை செய்து, பலர் விரும்பத் தொடங்கியதும் திணறும் ஏற்பாடு இது.

அதனால்தான் சைக்கிள்கள் நிறைந்த ஹாலந்து நாடு வேறு வழியில் சென்றது. அங்கே நிலையத்திலேயே சைக்கிளை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். உட்ரெக்ட் ரயில் நிலையத்தில் 2019இல் முழுமை பெற்ற நிறுத்துமிடத்தில் 12,500 சைக்கிள்கள் நிற்கலாம்! இறங்கும் ஊரில் தேவைப்பட்டால் வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதே நாட்டில், 2003இல் திறந்த 6.6 கி.மீ. நீளமுள்ள வெஸ்டர்ஷெல்டெ சுரங்கச் சாலையில் சைக்கிள் போக முடியாது. அங்கே மட்டும் பேருந்துதான் சைக்கிளையும் சேர்த்து ஏற்றிக் கடக்கிறது. பாதை மறிக்கப்பட்ட இடத்தில் பேருந்து சைக்கிளைச் சுமக்கிறது. மற்ற இடங்களில் சைக்கிள் நிலையத்தில் நிற்கிறது. இரண்டுக்கும் உரிய இடம் வேறு வேறு.

ஹாலந்தின் முறை நமக்குப் புதிதும் அன்று. நம் பேருந்து நிலையங்களின் அருகே, டோக்கன் கொடுத்துச் சைக்கிள் நிறுத்தும் ஸ்டாண்டு அதே வேலையைத்தான் செய்கிறது. கிராமத்திலிருந்து நான்கு கி.மீ. மிதித்து வந்து, சைக்கிளை ஸ்டாண்டில் விட்டு, பேருந்து ஏறிக் கல்லூரிக்குப் போய்ப் படித்தவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர்! தமிழ்நாட்டில் அரசு மேல்நிலை மாணவருக்குச் சைக்கிளைத் தருகிறது. மாணவருக்குப் பேருந்தில் கட்டணமில்லாப் பயண அட்டையையும் தருகிறது. இரண்டையும் இணைக்கும் கண்ணி, மழை வெயில் படாமல், களவு போகாமல் சைக்கிளை நிறுத்த நிறுத்தத்தருகே ஓர் இடம். அது இருக்குமிடத்தில் நாம் மேலே கண்ட ஒன்பது மடங்கு வட்டம் உயிர்பெறுகிறது. இல்லாத இடத்தில் சைக்கிள் வீட்டுத் திண்ணையில் நிற்கிறது.

பாலம் திரும்பக் கொடுத்தது

சியாட்டில் மிதவைப் பாலத்தின் கதைக்கு ஒரு முடிவு உண்டு. பழைய பாலத்தின் ஆயுள் முடிந்து, அதன் அருகில் 77 மிதவைகளின்மேல் புதிய பாலம் எழுந்தது. 2016 ஏப்ரலில் அது திறக்கப்பட்டது. இந்த முறை வரைபடத்திலேயே நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் நான்கு மீட்டருக்கும் அதிக அகலத்தில் தனிப் பாதை இருந்தது. 2017 டிசம்பரில் அந்தப் பாதை கரைக்குக் கரை முழுமை பெற்றது. 1963இல் மூடிய வழி திறக்க 54 ஆண்டுகள் ஆயின.

அந்த 54 ஆண்டுகளில் ஒரு தலைமுறை வேலைக்குச் சேர்ந்து ஓய்வும் பெற்றிருக்கும். பேருந்தின் முன்னால் மாட்டிய அந்தச் சிறிய தாங்கி அவர்களுக்குச் செய்த உதவி பெரிது. ஆனால் அது, விடுபட்ட ஒரு பாதைக்குப் பின்னால் கொடுத்த ஈடு என்பதையும் நாம் மறக்கலாகாது.

ஒரு பாலம் ஐம்பது ஆண்டு, நூறு ஆண்டு நிற்கும். அதன் வரைபடத்தில் விடுபட்டவர்கள் அத்தனை ஆண்டும் சுற்றித்தான் போக வேண்டும். உங்களில் சிலர் நாளை பொறியாளர்களாகி வரைபலகையின் முன் அமர்வீர்கள். பாரம் தாங்குமா, காற்றைத் தாங்குமா, வெள்ளத்தைத் தாங்குமா என்று கணக்கிடுவீர்கள். அந்தக் கணக்குகளோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சைக்கிளில் வருபவர் இதை எப்படிக் கடப்பார்?